தோட்டத்து மக்களைச் சரியாகக் கண்ட மூன்று படங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பால்மரம் (ரப்பர்) சீவியவர்களின் பிள்ளையாக வளர்ந்தவன் என்பதால், தோட்ட வாழ்வைக் காட்டும் படங்களை நான் சற்றுக் கண்டிப்புடனேயே பார்ப்பேன். அந்தக் கண்டிப்புக்கு முழுமையாக ஈடுகொடுத்தது சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’. 2015ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்து, மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்துக்கான விருதைப் பெற்ற இப்படம், 1990களின் தொடக்கத்தில் தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்கு நிலத்தில் ஒதுங்கிய ஒரு குடும்பத்தின் கதையை, அப்போய் என்னும் 12 வயதுச் சிறுவனின் வழியாகச் சொல்கிறது. மகன் படித்து முன்னேற வேண்டும் என்ற தந்தையின் தவிப்பு அடியாகவே வெளிப்படுகிறது. குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பாவோ சிறுவனின் கண்ணுக்குப் பெரிய மனிதராகத் தெரிகிறார். முதன்முறை பார்த்தபோது அந்தத் தந்தையின் மீது வந்த கோபம், சென்ற வாரம் மீண்டும் பார்த்தபோது எனக்கு வரவில்லை.

தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005) இதைவிட மென்மையானது. 1960களில், பல்கலைக்கழகம் செல்லத் துடிக்கும் தோட்டத்துப் பெண்ணின் கதை அது. மெதுவாக நகர்ந்தாலும் உண்மையானது.

அண்மையில் பார்த்தது, லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018). ஏலக்காய் மூட்டை சுமந்து மலையேறி இறங்கும் ரங்கசாமி, சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கப் படும் பாடு, தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட எவருக்கும் அந்நியமாகத் தோன்றாது. இதைக் கைப்பேசியில் பார்க்காதீர்கள். அந்த மலைப்பாதைகளுக்குப் பெரிய திரை வேண்டும்.