ஏரிக்கரைப் பூங்காவுக்கு 'ஆண்டு முழுவதும்' அட்டை என்று சொன்னால் நம்பாதீர்கள்: 18,500 ரூபாய் போயிற்று

கொடைக்கானல் ஏரியையும் அதன் கரையிலுள்ள பிரையண்ட் பூங்காவையும் எந்த மாதம் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், அறை, நுழைவுச் சீட்டு, படகுச் சவாரி, இ-பாஸ் எல்லாம் ஒரே அட்டையில் அடக்கம் என்று சொல்லி விற்கப்படும் ஆண்டுத் திட்டத்தைத் திருநெல்வேலிப் பக்கத்தில் யாரும் வாங்கிவிடாதீர்கள். பாளையங்கோட்டையில் ஒரு சுற்றுலா ஏற்பாட்டு அலுவலகத்தில் நான் கட்டிய 18,500 ரூபாய் இன்றுவரை திரும்பி வரவில்லை. இன்று காலையும் அங்கே போய் வெறுங்கையோடு திரும்பிய ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு முழங்கால் வலி. மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் அவரை அழைத்துச் செல்ல முடியாது என்பதால், கூட்டமில்லாத மாதத்தில் போகலாம் என்ற பேச்சு எங்களுக்குப் பிடித்திருந்தது. "அண்ணாச்சி, எந்த மாசம் போனாலும் அங்க பூதான். ரூம் வாசல்லயே அம்மாவ உக்கார வச்சு ஏரியக் காட்டலாம்" என்றார் அங்கிருந்த இளைஞர். சொன்னதோடு நில்லாமல், என் வண்டி எண்ணைக் கேட்டுப் பதிந்து, என் கைப்பேசிக்கு வந்த ஓடிபியையும் வாங்கிக்கொண்டு, சில நிமிடங்களில் முதல் பயணத்துக்கான இ-பாஸை க்யூஆர் குறியீட்டோடு அச்செடுத்துக் கையில் கொடுத்தார். நம்பிக்கை பிறந்தது அந்த இடத்தில்தான். ஏனென்றால் அந்த இ-பாஸ் உண்மையானது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் செல்லும் சுற்றுலா வண்டிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட அந்தச் சீட்டை, அரசு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமலே எடுத்துக்கொள்ளலாம். இலவசமாகக் கிடைக்கும் ஓர் அரசுச் சீட்டை முன்னால் நீட்டி, இல்லாத அறைக்கு 18,500 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு அருகிலுள்ள சோதனைச் சாவடியில் இ-பாஸைப் பார்த்து உடனே அனுப்பிவிட்டதால், அதுவரை எந்தச் சந்தேகமும் எழவில்லை. ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. தங்குமிடத்தில் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் பெயரில் அறையே இல்லை, அந்த அலுவலகத்தோடு தங்களுக்குத் தொடர்பே கிடையாது என்றார்கள். பூங்காச் சீட்டுக் கவுண்டரில் அட்டையை நீட்டினால், இப்படியொன்றைத் தாங்கள் பார்த்ததே இல்லை என்று திருப்பித் தந்தார்கள். பளபளப்பான ஏரிப் படத்தின் மேல் குத்தியிருந்த ஊதா முத்திரை, என் கையிலிருந்தபடியே மழைநீரில் கரைந்து வழிந்தது. உள்ளே மலர்ப் பாத்திகளில் பாதி வெறும் மண்ணும் நாற்றுமாக இருந்தன. அதில் பூங்காவின் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, கோடைக்காகப் பல மாதங்கள் முன்பே நடவு தொடங்குவதுதான் அங்கே வழக்கம். எந்த மாதமும் பூ என்று சொல்லி விற்றவர்களுக்கு அது தெரியாதா?

ஊர் திரும்பியதிலிருந்து பதில்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. மேலாளர் வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். பிறகு மதுரை அலுவலகத்தில் கேளுங்கள் என்று ஓர் எண்ணைக் கொடுத்தார்கள். அந்த எண்ணில் பேசியவர், பணம் வாங்கியவர்களிடமே கேளுங்கள் என்று வைத்துவிட்டார். இன்று காலை, "சீசன் இல்லாத நேரத்துல போனா அப்படித்தான் அண்ணாச்சி, இன்னும் மூவாயிரம் கட்டுங்க, மே மாசம் ரூம் போட்டுத் தாரேன்" என்று கூசாமல் சொன்னார் அதே இளைஞர். சீசன் இல்லாத நேரத்துக்கென்றுதானே 18,500 ரூபாய் வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு, கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். ஒரு வயதான பெண்மணியை மழையில் அறை தேடி அலையவிட்டோமே என்று வருத்தமாக ஒரு வார்த்தைகூட அவர்கள் வாயிலிருந்து வரவில்லை.

போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இ-பாஸை உங்கள் கைப்பேசியிலேயே எடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. பூங்காச் சீட்டை அங்கேயே கவுண்டரில் வாங்குங்கள். தங்குமிடத்துக்கு நீங்களே பேசி, பதிவு உறுதியான பிறகு பணம் அனுப்புங்கள். ஏமாந்திருந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். நான் பதிந்துவிட்டேன். திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க் கூட்டத்திலும் மனு கொடுக்கப் போகிறேன், இதே அட்டையை வாங்கியவர்கள் ரசீதோடு வந்தால் சேர்ந்தே கொடுக்கலாம்.