பஹ்ம்னியா, மாசச் சந்தா கிளவுடா? எங்க ஆஸ்பத்திரி அனுபவம்

ரெண்டு வருஷம் கிளவுட் சாஃப்ட்வேர் (கம்பெனி சர்வர்ல இருக்கும், நாம நெட் வழியா ஓட்டணும்) ஓட்டிட்டு போன வருஷம் பஹ்ம்னிங்கற ஓப்பன் சோர்ஸ் ஆஸ்பத்திரி சாஃப்ட்வேருக்கு மாறினோம். 40 பெட் ஆஸ்பத்திரி, நான் அங்க ஐடி பாக்குறவன். எது தேவலன்னு நாலு பேர் கேட்டுட்டாங்க, அதான் எழுதுறேன்.

காசு கணக்கு தெரிஞ்சதுதான். கிளவுடுக்கு மாசாமாசம் சந்தா, பஹ்ம்னிக்கு லைசென்ஸ் காசு கிடையாது, ஆனா சர்வர், யுபிஎஸ், பேக்கப் எல்லாம் நம்ம தலையில. ஸ்கிரீன் பாக்க அழகு கிளவுடுதான். நெட் போனாலும் பஹ்ம்னி ஆஸ்பத்திரி உள்ள இருக்கற லேன் நெட்வொர்க்லயே ஓடும், சத்தீஸ்கர்ல கனியாரிங்கற கிராமத்து ஆஸ்பத்திரிக்காக முதல்ல பண்ணதாச்சே.

என்னை மாத்துனது ஃபார்ம் விஷயம். சுகர் ஓபில கால் பரிசோதனைக்கு, அதான் நைலான் இழையால தொட்டு கால் மரத்திருக்கான்னு பாக்குற மோனோஃபிலமெண்ட் டெஸ்ட்டுக்கு, ஒரு கட்டம் வேணும்னு டாக்டர் கேட்டாரு. கிளவுட்காரங்ககிட்ட டிக்கெட் போட்டேன், அடுத்த ரிலீஸ்ல பாக்கலாம்னாங்க, அந்த ரிலீஸ் வரவே இல்ல, அதுவரைக்கும் சிஸ்டருங்க எல்லாத்தையும் ரிமார்க்ஸ்ல அடிச்சு வெச்சாங்க, அப்புறம் யாருக்கு கால் மரத்திருக்குன்னு தேடினா ஒண்ணும் கிடைக்கல. பஹ்ம்னில மெடிக்கல் ரெக்கார்டு பாக்குற ஓப்பன்எம்ஆர்எஸ் உள்ள போய் ஒரு கான்செப்ட், அதாவது பதிய வேண்டிய ஒரு விவரம், சேத்து, ஃபார்ம் பில்டர்ல இழுத்து வெச்சு பப்ளிஷ் பண்ணா முடிஞ்சது, ஒரு சாயங்கால வேலை. ஒருநாள் சீனியர் சிஸ்டர், "தம்பி, நாங்க வெயிட் பாத்துட்டுதான் பிபி பாப்போம், இதுல தலைகீழா இருக்கே"ன்னாங்க. அன்னைக்கே மாத்திட்டேன். அதுக்கப்புறம் சாஃப்ட்வேர் மொக்கைன்னு அவங்க வாயில வரல, அடுத்து என்ன மாத்தலாம்னு அவங்களே கேக்குறாங்க.

காசு கொட்டினா திருப்தி வந்துடும்னும் இல்லங்க. 2019-ல மேயோ கிளினிக் இதழ்ல வந்த ஆய்வுல அமெரிக்க டாக்டருங்க அவங்க மெடிக்கல் ரெக்கார்டு சாஃப்ட்வேர் பயன்படுத்த எவ்வளவு சுலபம்னு போட்ட மார்க் 100-க்கு 45.9 தான்.

டாக்டருங்க திருப்தி பத்தி நான் அடிச்சு சொல்ல மாட்டேன். எங்க பெரிய டாக்டர் ரெண்டு சாஃப்ட்வேர்லயும் பேனாலதான் எழுதினாரு, ஜூனியர் டைப் பண்ணாரு, அவருக்கு ரெண்டுமே பிடிச்சிருந்துச்சு! ஐசியு, இன்சூரன்ஸ் கிளெய்ம் எல்லாம் நாங்க இன்னும் பஹ்ம்னில பெருசா ஓட்டல, அந்த வேலை அதிகமா இருக்கற ஆஸ்பத்திரின்னா வேற யாரையாவது கேட்டுக்கோங்க.

இன்னொண்ணு, பஹ்ம்னில மெடிக்கல் ரெக்கார்டுக்கு அந்த ஓப்பன்எம்ஆர்எஸ், லேபுக்கு ஓப்பன்எலிஸ், பில்லுக்கு ஒடூன்னு தனித்தனியா இருக்கறத கோத்துதான் வெச்சிருக்காங்க. லினக்ஸ் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இல்லாம எறங்காதீங்க. நான் லீவுல ஊருக்குப் போனாலும் லேப்டாப் கூடவேதான் வருது.