எஃப்சி 25: லீக் டூவில் தொடங்கும் பிளேயர் கரியர்

வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் மணிக்கணக்கில் பிளேஸ்டேஷன் ஆடவிடும் கடைகளில் எப்போது போனாலும் ரியல் மாட்ரிட்டும் மான்செஸ்டர் சிட்டியும்தான் மோதிக்கொண்டிருக்கும். முல்லை நகர் கிரவுண்டில் பால் ஆடுகிறவர்களுக்கு ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 25 என்ற கால்பந்து வீடியோ கேமில் அதைவிட நெருக்கமான ஆட்டம் ஒன்று உண்டு: ஒரே ஒரு வீரராக ஆடும் பிளேயர் கரியரில், இங்கிலாந்தின் நான்காம் படியான லீக் டூ.

முதலில் நேரக் கணக்கு. 24 அணிகள், ஆளுக்கு 46 லீக் ஆட்டங்கள். ஒரு பாதிக்கு 6 நிமிடம் வைத்தால் ஆட்டம் மட்டுமே 552 நிமிடம், ஒன்பது மணி நேரத்துக்கு மேல். கோப்பை ஆட்டம், பயிற்சி, மெனு எல்லாம் தனி. காசை மிச்சம் பிடிக்க 4 நிமிடமாகக் குறைத்தால் பந்து காலுக்கு வருவதே அபூர்வம். ஆட்டத்துக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணான ரேட்டிங் ஏறாது, மேனேஜர் பெஞ்சில் உட்காரவைப்பார்.

கடையின் பொது யூசரில் ஆடாதீர்கள், உங்கள் ஆட்டம் பதிவான சேவ் ஃபைலை அடுத்தவர் அழித்துவிடலாம். பிஎஸ்4 என்றால் சேவ் ஃபைலைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளலாம். அதே பிஎஸ்என் (பிளேஸ்டேஷன் நெட்வொர்க்) கணக்கில்தான் திறக்கும். பிஎஸ்5 பதிப்பின் சேவ் பென்டிரைவுக்குப் போகாது, ஆன்லைனில் சேமிக்க பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேண்டும்.

ஸ்ட்ரைக்கராக ஆடினால் பந்தைத் தேடிக் கீழே இறங்காதீர்கள். இடம் தவறினால் ரேட்டிங் சரியும். டிஃபெண்டர் முதுகில் ஒட்டியிருக்கும்போது பாஸ் கேட்டாலும் அதே கதி.

ஏற்றத்தை இந்த ஆட்டம் அருமையாகக் காட்டுகிறது. ஸ்ட்ரைக்கர் ரிக்கி லாம்பர்ட் பீட்ரூட் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே மேக்கிள்ஸ்ஃபீல்டு கிளப்பில் இடம் பிடித்து, ஸ்டாக்போர்ட், ராச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ், சவுத்தாம்ப்டன் என்று ஏறி, 2013-இல் இங்கிலாந்து சட்டையில் முதல் தொடுதலிலேயே கோல் அடித்தவர். அப்படி ஒரு பாதையை இதில் கட்டலாம். சரிவுதான் இல்லை. ஜூன் 30-இல் ஒப்பந்தம் முடிந்து, வீட்டு வாடகைக்கு வழி தெரியாமல் கிளப் தேடும் அந்தப் பயம் இதில் உறைக்கவே இல்லை. கீழ் லீக் வாழ்க்கையில் பாதி அதுதான். லீக் டூவுக்கு அடுத்த கீழ்ப்படியான நேஷனல் லீக்கே இந்த கேமில் கிடையாது. 2023-இல் அங்கே இறங்கிய ராச்டேலையும் காணோம்.

அதனால் இங்கிலாந்து ஸ்ட்ரைக்கர் ஜேமி வார்டியின் தொடக்கம் இதில் முடியாத காரியம். ஸ்டாக்ஸ்பிரிட்ஜ், ஹாலிஃபாக்ஸ் என்று லீக் டூவுக்கும் கீழே உள்ள படிகளில் ஆடி, 2011–12-இல் ஃப்ளீட்வுட்டுக்கு 31 லீக் கோல் அடித்து, 10 லட்சம் பவுண்டுக்கு லெஸ்டர் போனவர். ஃப்ளீட்வுட் மட்டும் இந்த கேமின் லீக் டூவில் இருக்கிறது. ஸ்ட்ரைக்கராக அங்கேயே கையெழுத்துப் போடுங்கள்.