விரிவுரையா, நேரடிப் பயிற்சியா?

புற்றுநோயைத் தடுப்பதையும் தொடக்கநிலையிலேயே கண்டறிவதையும் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்க, வகுப்பறை விரிவுரை, நேரடிப் பயிற்சி என இரு வழிகள் உள்ளன. புற்றுநோய்களில் 30 முதல் 50 விழுக்காடு வரை தடுக்கக்கூடியவை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுவதையும், புகையிலை, மது, கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. தீநுண்மி ஆகியவற்றின் பங்கையும் ஒரு மணி நேரத்தில் பலருக்கும் விளக்க விரிவுரையே ஏற்றது. இறக்கும் நாள் மாறாவிட்டாலும், நோய் முன்னதாகத் தெரியவருவதே ஆயுள் நீண்டுவிட்டது போன்ற தோற்றத்தைத் தரக்கூடும் என்ற நுட்பமான கருத்துக்கும், கரும்பலகையில் வரையும் ஒரு காலக்கோடு போதும்.

ஆனால், சிலிக்கோன் மார்பக மாதிரியில் கட்டியைத் தேடிப் பழகும் விரல்கள் பெறும் அறிவை எந்தச் சொற்பொழிவும் தராது. கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு வந்த பெண்ணின் கூச்சத்தை மதித்து, ஒவ்வொரு படியையும் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெறுவதும், புகைபிடிப்பவரைக் குற்றவாளியாக்காமல் அப்பழக்கத்தை விடுவது பற்றிப் பேசுவதும், பார்த்தும் செய்தும் மட்டுமே கைவருபவை. எழுத்துத் தேர்வு இவற்றை அளப்பதில்லை என்பது உண்மையிலேயே வருந்தத்தக்கது. பயிற்சிக்கு ஆசிரியர்களும் நேரமும் கூடுதலாக வேண்டும் என்பதை மறுக்க முடியாது. ஆயினும், பாடநேரம் போதாதபோது நான் விரிவுரையைத்தான் சுருக்குவேன், ஏனெனில் அதில் விடுபட்டதை மாணவர் நூலில் படித்துக்கொள்ளலாம்.