புழுதி விதைப்பா, நடவா: களை தின்றது போக நெல்லுக்கு மிச்சம் எவ்வளவு?

இராமநாதபுரம் மாவட்டத்துத் திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம் பக்கம் புழுதி உழவு ஓட்டி, ஆவணி, புரட்டாசியில் காய்ந்த நிலத்திலேயே நெல்லை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். கண்மாய்த் தண்ணீர் எட்டும் வயல்களில் தொளியடித்து, அதாவது சேறாக உழுது, நாற்று நடுவதும் உண்டு. எது அதிக மூட்டை தரும் என்றே எப்போதும் பேசுகிறோம். போட்ட சத்து நெல்லுக்குப் போகிறதா, களைக்குப் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

நடவில் நெல்லுக்கே மேல்கை. நாற்றுக்கு மூன்று, நான்கு வார வயது. களை அப்போதுதான் முளைக்கிறது, அதையும் நின்ற தண்ணீர் அமுக்கிவிடும். நீர் நிற்கும் மண்ணில் காற்று குறைவதால், இரும்போடு ஒட்டிக் கிடந்த மணிச்சத்து (பாஸ்பரஸ்) விடுபட்டு வேருக்குக் கிடைக்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) கழுவிப் போகாமல் அம்மோனியமாகவே தங்கும். நல்ல தண்ணீரும் வடிகாலும் இருந்தால் கடலோர உப்பும் கழுவப்படும். குறை என்றால் துத்தநாகம்தான். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் போட்டால் சரி.

புழுதியில் நெல்லும் புல்லும் ஒரே மழையில் முளைக்கின்றன. நெல்லைப் போலவே இருக்கும் குதிரைவாலிப் புல்லை இளசில் அடையாளம் காண்பதே பெரும்பாடு. அடியுரமாகப் போட்ட யூரியா காற்றோட்டமான மண்ணில் நைட்ரேட்டாக மாறிவிடும். அதில் களை ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அப்புறம் ஐப்பசி மழை கொட்டினால் உச்சிப்புளிப் பக்கத்து மணலில் மிச்சம் கீழே கழுவிப் போகும். களிமண்ணில் நீர் தேங்கினால் வாயுவாகிப் பறந்துவிடும். புது இலை வெளுத்தால் பலர் மறுபடியும் யூரியாவைத் தூக்குகிறார்கள். அது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறை. தழைச்சத்து குறைந்தால் முதலில் அடியிலை அல்லவா மஞ்சளாகும்?

டிரம் சீடர் என்ற, இழுத்துச் செல்லும் உருளை விதைப்புக் கருவியில் முளைகட்டிய விதையைச் சேற்றில் விதைப்பது ஆள்செலவுக்கு நல்லது. ஆனால் விதைத்த கையோடு அடைமழை வந்தால் வரிசையே இருக்காது.

களையெடுப்பிலும் வித்தியாசம் உண்டு. கையால் பறித்து வரப்பில் வீசினால், களை உறிஞ்சிய சத்தும் வரப்புக்கே போகிறது. கோனோவீடர் என்ற, தள்ளிக்கொண்டே போகும் களைக்கருவி களையைச் சேற்றுக்குள் அமுக்கி, மட்கவைத்துத் திருப்பித் தரும். அதற்கு 25 செ.மீ. வரிசை நடவும் ஈரச் சேறும் வேண்டும். புழுதிக் காட்டில் ஓடாது. அங்கே ஈரம் பார்த்து பெண்டிமெத்தலின் களைக்கொல்லி அடித்து, பிறகு ஆள் விட்டுக் களையெடுப்பதுதான் வழி. பறித்ததை, பூ வைக்கும் முன்னர் என்றால், வயலிலேயே காயப் போடலாம். கோரை மட்டும் வேண்டாம், அதன் கிழங்கு மறுபடி துளிர்க்கும்.

மடைக்குப் பக்கத்து வயல் என்றால் என் ஓட்டு நடவுக்கே. வானம் பார்த்த நிலத்தில் நாற்றங்காலுக்கே தண்ணீர் கிடையாது, புழுதிதான். மணிச்சத்தை மட்டும் தொழுவுரத்தில் கலந்து ஊட்டமேற்றி அடியில் கொடுத்துவிட்டு, யூரியாவைத் தவணைகளாகப் பிரித்து, முதல் களை எடுத்து ஈரம் இருக்கும்போது தொடங்கலாம்.