‘முழு ஸ்டுடியோ செட்’ மைக் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

வீட்டிலேயே பாட்டு பதிவு செய்ய மலிவாக ஒரு மைக் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கண்டென்சர் மைக் (மின்சாரம் கொடுத்தால் வேலை செய்யும், நுணுக்கமான ஒலியையும் பிடிக்கும் வகை), மேசையில் மாட்டும் கை ஸ்டாண்ட், ‘ப’ போன்ற ஒலிகளில் வரும் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர், ஸ்பாஞ்ச், 48 வோல்ட் பவர் பெட்டி, யூஎஸ்பி சவுண்ட் கார்டு எல்லாவற்றையும் ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு ‘முழு ஸ்டுடியோ செட்’ என்று ஆன்லைனில் விற்கிறார்கள். நல்ல மைக் ஒன்றுக்கு ஆகும் காசைவிட இந்த மொத்த செட்டும் குறைவு. அதை வாங்கித்தான் ஏமாந்தோம். அப்புறம் மாற்றித் தருகிறேன் என்று சொல்லி, அதே விற்பனையாளர் இன்னொரு முறையும் ஏமாற்றப் பார்த்தார்.

எங்கள் தேவை பெரிதில்லை. தங்கை பாடுவாள், நான் கிடார் வாசிப்பேன், அதைத் தெளிவாகப் பதிய வேண்டும். விளம்பரத்தில் இருந்தவை இவை: 34 மி.மீ. தங்க முலாம் டயஃப்ரம் (ஒலி பட்டால் அதிரும் மெல்லிய தகடு), முன்னால் வரும் சத்தத்தை மட்டும் பிடிக்கும் கார்டியாய்டு, ‘நாய்ஸ் ஃப்ரீ’, 48 வோல்ட் ஃபாண்டம் பவர் (மைக் கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்). சவுண்ட் கார்டு 7.1 சேனலாம், அதாவது எட்டு ஸ்பீக்கர்களுக்கானது. உள்ளே போகிற மைக் ஒன்றுதான், அதற்கு 7.1 எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

முதல் பதிவிலேயே தெரிந்துவிட்டது. கிடார் தந்தியை மீட்டிவிட்டு ஒலி அடங்கக் காத்திருந்தால், அது அடங்குவதற்கு முன்பே ‘ஸ்ஸ்ஸ்’ என்ற இரைச்சல் அதை மூடிவிடுகிறது. தங்கை மென்மையாகப் பாடிய வரிகளில் குரலுக்குப் பின்னால் அதே இரைச்சல். சரி, சத்தமாகப் பாடட்டும் என்று பார்த்தால், உச்சத்தில் குரல் கரகரத்து உடைந்தது.

விற்பனையாளரிடம் கேட்டேன். “கெயினைக் குறைங்க சார்” என்றார். கெயின் என்பது மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவு. குறைத்தால் குரலும் சேர்ந்தே குறைகிறது. பிறகு ஏற்றினால் இரைச்சலும் கூடவே ஏறுகிறது. அடுத்து, “உங்க லேப்டாப் சவுண்ட் கார்டு பிரச்சினை” என்றார். ஆனால் நாங்கள் பயன்படுத்தியது அவர் செட்டில் வந்த கார்டு. அதற்கடுத்து, சாஃப்ட்வேரில் இரைச்சலை நீக்கச் சொன்னார். நீக்கினோம். இரைச்சலோடு ‘ச’, ‘ஸ’ ஒலிகளின் கூர்மையும் சொல் முடிவில் வரும் மூச்சும் போயின. தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது போல ஆகிவிட்டது.

கடைசியாக அவர் சொன்னதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது: “புது மைக் சார், கொஞ்ச நாள் ஓடினா செட் ஆகிடும்.” இதைத் தயவுசெய்து நம்பாதீர்கள். ஓட ஓட இரைச்சல் குறைகிற கண்டென்சர் மைக் எதுவும் கிடையாது. பொருளைத் திருப்பித் தருவதற்கான கெடு முடியும்வரை உங்களை இழுத்தடிக்கச் சொல்லும் பேச்சு அது.

அந்தச் சமயத்தில்தான் ஒலிப்பதிவு வேலை தெரிந்த நண்பர் ஒருவர் வந்தார். மைக்கைக் கழற்றக்கூட இல்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சை வலையின் மேல் சாய்வாக அடித்து, “உள்ளே பார்” என்றார். பெரிய டயஃப்ரம் மைக் என்றால் சுமார் 25 மி.மீ. அகலத்தில் ஒரு வட்டத் தகடு வலைக்குப் பின்னால் பளிச்சென்று தெரிய வேண்டும். எங்கள் மைக்கின் பெரிய தலைக்குள் ஒரு பிளாஸ்டிக் மேடை இருந்தது. அதன் நடுவில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சின்ன எலக்ட்ரெட் கேப்ஸ்யூல், அதாவது நிரந்தர மின்னூட்டம் உள்ள, ஒலியைப் பிடிக்கும் பகுதி. மீதி இடமெல்லாம் காலி. 34 மி.மீ. என்று எழுதியிருந்தது எதன் அளவு என்று இன்றுவரை புரியவில்லை.

எலக்ட்ரெட் என்றாலே மட்டம் என்று சொல்ல வரவில்லை. 1962-ல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் உருவாக்கிய அருமையான தொழில்நுட்பம் அது. பலரும் நம்பி வாங்கும் ஆடியோ டெக்னிக்கா ஏடி2020 கூட அந்த வகைதான். சின்ன கேப்ஸ்யூலும் குற்றமில்லை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்பதுதான் மோசடி.

அடுத்து 48 வோல்ட் பெட்டி. எக்ஸ்எல்ஆர் என்பது மைக் கேபிளின் மூன்று பின் கொண்ட இணைப்பு. அந்தப் பின்களில் 1 கிரவுண்ட், 2-லும் 3-லும் சிக்னல். ஃபாண்டம் பவர் அந்த 2, 3 வழியாகவே மைக்குக்குப் போகிறது. நண்பர் மைக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை 1-லும் மற்றதை 2-லும் வைத்தார். 48 வோல்ட் முறையில் 44-லிருந்து 52 வரை எங்கே நின்றாலும் சரி. எங்கள் பெட்டியில் எண் 18-ஐத் தாண்டவே இல்லை. பெட்டியின் மேல் சிவப்பு விளக்கு எரிகிறது, பக்கத்தில் ‘48V’ என்று அச்சடித்திருக்கிறது, உள்ளே 18 வோல்ட். உச்சத்தில் குரல் உடைந்ததற்குக் காரணம் இதுதான். அதே மைக்கை நண்பரின் ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும், சரியான 48 வோல்ட் தரும் பெட்டி) மாட்டியபோது உடைவது பெரும்பாலும் நின்றது. இரைச்சல் மட்டும் நிற்கவில்லை, ஏனென்றால் அது மைக்கிலேயே பிறக்கிறது.

இரைச்சலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில்தான் நிறைய பேர் ஏமாற்றப்படுகிறார்கள். ஒவ்வொரு கண்டென்சர் மைக்குக்கும் ‘செல்ஃப் நாய்ஸ்’ என்று ஓர் அளவு உண்டு. அறை முழு அமைதியாக இருந்தாலும் மைக் தானாக எழுப்பும் சத்தம் அது. ரோடு என்டி1-ஏ மைக்குக்கு 5 டெசிபல் என்றும், ஏடி2020-க்கு 20 டெசிபல் என்றும் அந்த நிறுவனங்களே வெளியிட்டிருக்கின்றன. இந்த எண் குறையக் குறைய நல்லது. அருகில் நின்று பாடும் குரலுக்கு 20 போதும். மென்மையாக மீட்டும் கிடாருக்கு 15-க்குக் கீழே இருந்தால் நிம்மதி.

மலிவு செட்டுகளில் இந்த எண்ணைப் போட மாட்டார்கள். அதற்குப் பதிலாக ‘சிக்னல் டு நாய்ஸ்’ என்று ஒன்றைப் போடுவார்கள். அது 94 டெசிபல் ஒலியை வைத்து, மைக்கின் இரைச்சல் அதைவிட எவ்வளவு கீழே இருக்கிறது என்று சொல்லும் எண். அதனால் 94-லிருந்து அதைக் கழித்தால் செல்ஃப் நாய்ஸ் கிடைத்துவிடும். எங்கள் அட்டைப்பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் 60 டெசிபல் என்று இருந்தது. கழித்தால் 34. ராத்திரியில் அமைதியான ஓர் அறையில் இருக்கும் சத்தமே சுமார் 30 டெசிபல்தான். அறையைவிட மைக் அதிகமாகச் சத்தம் போடுகிறது, அட்டையின் முகப்பில் ‘நாய்ஸ் ஃப்ரீ’ என்று கொட்டை எழுத்து!

‘கார்டியாய்டு’ என்ற விளம்பரமும் பொய். பேசிக்கொண்டே மைக்கை ஒரு சுற்று சுற்றி வந்து பதிவு செய்து கேளுங்கள். பின்பக்கம் போனதும் குரல் நன்றாகக் குறைய வேண்டும். எங்கள் மைக்கில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி, பின்னால் ஓடிய ஃபேன் உட்பட.

இதையெல்லாம் எழுதிக் காட்டியதும் விற்பனையாளரின் பேச்சு மாறியது. பணம் தர முடியாது, பதிலுக்கு ‘ஒரிஜினல் ஷ்யூர் எஸ்எம்58’ தருகிறேன், மேலே கொஞ்சம் காசு மட்டும் கொடுங்கள் என்றார். எஸ்எம்58 என்றால் 1966-லிருந்து மேடைகளில் இருக்கும் மைக். அதனாலேயே அதற்குப் போலிகளும் உலகமெங்கும் உண்டு. அனுப்புங்கள், பார்த்துவிட்டுக் காசு தருகிறேன் என்றேன். வந்தது. அசல் எஸ்எம்58-ன் எடை 298 கிராம் என்று ஷ்யூர் வெளியிட்டிருக்கிறது. சமையலறைத் தராசில் வைத்தால் இது அதைவிட நன்றாகவே குறைவு. அசலில் கேப்ஸ்யூல் அதிர்வு தாங்கும் ரப்பர் மவுண்ட்டின் மேல் இருக்கும், கையில் பிடித்துத் திருப்பினாலும் சத்தம் அதிகம் ஏறாது. இதில் விரல் நகர்ந்தாலே ‘டொக் டொக்’. காசு கொடுக்காமல் திருப்பி அனுப்பிவிட்டேன். போலிகளில் சில எடையிலும் அசலை ஒத்திருக்கும், அதனால் எஸ்எம்58 வாங்குவதென்றால் ஷ்யூரின் தளத்தில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட கடைகளில் மட்டும் வாங்குங்கள்.

என்ன வாங்கலாம் என்று கேட்டால், என் கருத்து இது. அறை எதிரொலித்தால், தெருச் சத்தம் உள்ளே வந்தால், எஸ்எம்58 போன்ற நல்ல டைனமிக் மைக் ஒன்றே போதும். பக்கத்தில் வைத்துப் பாடுவதால் சுற்றுச் சத்தம் குறைவாக விழும், ஃபாண்டம் பவரும் தேவையில்லை. அமைதியான அறை இருந்தால் மட்டும் கண்டென்சர் பக்கம் போங்கள். எதுவானாலும் காசை மைக்கிலும் ஓர் எளிய ஆடியோ இன்டர்ஃபேஸிலும் போடுங்கள். ஸ்டாண்டையும் ஃபில்டரையும் பிறகு தனியாக வாங்கிக்கொள்ளலாம். குரல் மட்டும்தான், ஒரே ஆள்தான் என்றால் செல்ஃப் நாய்ஸ் அளவை வெளியிட்டிருக்கும் யூஎஸ்பி மைக்கும் மோசமில்லை. ஆனால் குரலுக்கு ஒன்று, கிடாருக்கு ஒன்று என இரண்டு யூஎஸ்பி மைக்குகளை ஒரே நேரத்தில் பதிவது பெரிய தொல்லை.

ஏற்கெனவே இப்படி ஒரு செட் வாங்கியிருந்தால், பார்சல் பிரிப்பதை வீடியோ எடுத்தீர்களோ இல்லையோ, இன்றே டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், பெட்டியின் வோல்ட்டை அளந்து பாருங்கள். விற்பனையாளரோடு நடக்கும் பேச்சு எல்லாம் எழுத்தில் இருக்கட்டும், போனில் பேச ஒப்புக்கொள்ளாதீர்கள். “இரைச்சல் வருகிறது” என்று நான் எழுதிய புகாரை விற்பனைத் தளம் கண்டுகொள்ளவே இல்லை. ‘48V’ என்ற அச்சும் மல்டிமீட்டரில் 18-ம் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து, “விளம்பரத்தில் சொன்ன பொருள் இதுவல்ல” என்ற தலைப்பில் மறுபடி புகார் கொடுத்த பிறகே முழுப் பணமும் திரும்பி வந்தது.