ஆலை என்று தேடினால் ஆலை வர வேண்டும்

பழைய ஃபிலிம் சுருளை ஸ்கேன் செய்து, கணினியில் தேடும்படி கொடுக்கும் ஒரு மண்ணடிக் கடையைப் பற்றி எழுதுகிறேன். நான் வக்கீல் குமாஸ்தா. சென்னை தம்புச் செட்டித் தெருவில் ஒரே சீனியரிடம் 31 வருடம் இருந்தேன். தொழிலாளர் வழக்குகள்தான் எங்கள் ஆபீசுக்குச் சோறு போட்டன. சீனியர் காலமான பிறகு அவர் மகன் பீரோவைக் காலி செய்தார். ஒரு பிஸ்கட் டின்னைக் காட்டி, "இது வேணுமாண்ணே, இல்ல காயலான் கடைக்குப் போட்டுடட்டுமா?" என்று கேட்டார். திறந்தால் 11 மைக்ரோஃபிலிம் ரோல், அதாவது பக்கங்களைப் பொடியாகப் படம் பிடித்து வைத்த ஃபிலிம் சுருள். எல்லாம் அரசு கெசட்டின் (அரசிதழின்) நகல். எண்பதுகளில் சீனியர் காசு கொடுத்து வாங்கி வைத்தது. நான் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன்.

2025ல் புதுச் சட்டம் வரும் வரை நடப்பில் இருந்த 1947ஆம் வருடத் தொழில் தகராறுகள் சட்டத்தில் 17ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தீர்ப்பாயத்தின் தீர்ப்பு அரசு கைக்கு வந்த 30 நாளுக்குள் அதை வெளியிட வேண்டும் என்றது அது. அதனால் பெரம்பூர் பின்னி மில் ஆளின் கேஸ் கட்டு தொலைந்தே போனாலும், அவர் வழக்கின் முடிவு கெசட்டில் கிடக்கும். என் அப்பாவும் அந்த மில்லில் தறி ஓட்டியவர். 1918ல் மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பித்ததே அந்த மில் ஆட்களுக்காகத்தான். அவர்களுடைய கதை பிஸ்கட் டின்னிலேயே மக்கிப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஸ்கேன் செய்ய முதலில் வேறொரு இடத்தில் இரண்டு ரோல் கொடுத்துப் பார்த்தேன். நாலாயிரத்துச் சொச்சம் படம் வந்தது. எல்லாவற்றுக்கும் வெறும் நம்பர்தான் பெயர். ஒரு தீர்ப்பைத் தேட ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

அப்புறம்தான் மண்ணடியில் இந்தக் கடைக்கு வந்தேன். கீழே இரும்புக் கடை, மேலே இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கடைத் தம்பி ரேட் பேசுவதற்கு முன்னால் கேட்டது ஒரே கேள்வி: "இதுல நீங்க எதைத் தேடப் போறீங்க சார்?" அந்தக் கேள்விக்காகவே ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன். உட்கார்ந்து ஒரு முழுத்தாள் எழுதிக் கொடுத்தேன். மில் பெயர்கள், யூனியன் பெயர்கள், பணிநீக்கம், போனஸ், ஆட்குறைப்பு. முனுசாமி என்ற ஒரே பெயரைக் கெசட்டில் ஆங்கிலத்தில் நாலு விதமாக அச்சடித்திருப்பார்கள், அந்த நாலையும் எழுதினேன்.

அங்கே வேலை செய்யும் பெண் ஒவ்வொரு ரோலையும் பக்கவாட்டில் டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். வெளிச்சம் சுருளை ஊடுருவி வந்தால் பாலியெஸ்டர், அது நெடுநாள் நிற்கும். இருட்டாகத் தெரிந்தால் பழைய அசிடேட். இரண்டு ரோல் இருட்டு. மூடியைத் திறந்ததும் ஊறுகாய் ஜாடி போலப் புளிப்பு வாடை. வெக்கையிலும் ஈரத்திலும் அந்த ஃபிலிம் தானாக அமிலத்தைக் கக்குமாம், பக்கத்தில் இருக்கும் நல்ல ரோலையும் கெடுக்குமாம். ராயபுரத்தில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இத்தனை வருடம் எல்லாவற்றையும் ஒரே டின்னில் வைத்திருந்தேனே என்று வயிற்றைக் கலக்கியது. அவள் அந்த இரண்டையும் உடனே தனி டப்பாவில் போட்டு, "இதை முதல்ல ஓட்டிடலாம் ஐயா" என்றாள்.

இவர்கள் ஃபிரேம் ஃபிரேமாக எடுப்பதில்லை. நூறடி நாடாவையும் ஒரே ஓட்டமாக எடுத்துவிட்டு, பிறகு கணினியில் பக்கம் பக்கமாகப் பிரிக்கிறார்கள். இதன் அருமை பிறகுதான் தெரிந்தது. முதல் முறை கொடுத்ததில் ஐந்தாவது ரோலில் 14 பக்கம் குறைந்தது. கெசட்டின் பக்க எண்ணைச் சரிபார்த்ததில் கண்டுபிடித்தேன். கறுத்துப்போன பக்கங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியை மென்பொருள் கவனிக்கவில்லை. தவறு அவர்களுடையதுதான், கொடுப்பதற்கு முன்பே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் ஃபிலிமை மறுபடி மெஷினில் ஏற்றாமலே, எடுத்து வைத்த நாடாவிலிருந்து அன்றைக்கே பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

படத்தில் உள்ள அச்செழுத்தை ஒரு மென்பொருள் படித்துத் தருவதால்தான் சொல்லை அடித்துத் தேட முடிகிறது. ஆங்கிலப் பக்கங்கள் நன்றாகத் தேடக் கிடைக்கின்றன. தமிழ் அறிவிப்புகளில்தான் சிக்கல் வந்தது. 'ஆலை' என்று அடித்தால் அறுபதுகளின் பக்கங்களில் ஒன்றுகூட வரவில்லை. காரணம், 1978ல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன்பு 'லை'க்கு யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த ஒரு கோடு உண்டு. மென்பொருள் அந்தத் தும்பிக்கையை வேறு ஏதோ எழுத்தாகப் படித்துவிட்டது. ஆலை, வேலை, வேலைநிறுத்தம், விடுதலை, எல்லாவற்றிலும் அதே லை! தொழிலாளி வழக்கில் அந்த எழுத்து இல்லாமல் எதைத் தேடுவது? அந்தப் பெண் சீர்திருத்தத்தில் மாறிய 13 எழுத்துகளையும் பட்டியல் போட்டு, மென்பொருள் ஒவ்வொன்றையும் எப்படித் தப்பாகப் படிக்கிறது என்று பார்த்து மாற்றினாள். தலைப்பு வரிகளைக் கண்ணால் படித்துத் திருத்தினாள். தனியாகக் காசு கேட்கவில்லை. நானாக 1,000 ரூபாய் கொடுத்தேன்.

கூலி அட்டவணைகள் இன்னும் சரியாக வரவில்லை. பொடி எழுத்தும் கட்டங்களும் சேர்ந்தால் எண்கள் இடம் மாறிவிடுகின்றன. அங்கே தேடலை நம்பாமல் படத்தையே பார்த்துப் படிக்கிறேன்.

ரோலுக்கு 2,800 ரூபாய், தேடும் வசதி உட்பட. 19 நாள் ஆனது. பெரிய படக் கோப்புகளைத் தனி ஹார்ட் டிஸ்கில் வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால்தான் தருகிறார்கள். போன வாரம் புளியந்தோப்பிலிருந்து ஒரு அம்மா வந்தார். மாமனாரின் பணிநீக்க வழக்கு என்ன ஆனது என்று குடும்பத்தில் யாருக்குமே தெரியாதாம். பெயரை நாலாவது ஸ்பெல்லிங்கில் அடித்ததும் பக்கம் வந்தது. மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு. அவர் அதை இரண்டு பிரிண்ட் கேட்டார்.

காலை பதினொரு மணிக்குள் போங்கள், அதற்கு மேல் கீழே லாரி நின்றால் படிக்குப் போக வழி இருக்காது.